எண்ணெய் குடிக்காத மிஷின்

ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் அந்தச் சத்தம் வந்தது.

எங்கள் வீடு எழுமலையில். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு கடைசல் மிஷின். கட்டையை இரண்டு பக்கமும் பிடித்துச் சுற்ற விடும். உளியை வைத்தால் உருண்டு வரும். கட்டில் கால், பூரிக்கட்டை, மத்து எல்லாம் அதில்தான். நான் வாங்கும்போதே பழைய மிஷின். எப்போதும் ஒரு இரைச்சல் இருக்கும், அது எங்களுக்குப் பழக்கம். இது வேறு. கீச்சென்று ஆரம்பித்தது. நின்றது. மறுபடி கீச்சென்றது. நடுவில் ஒரு உறுமல்.

மிஷினில் நின்றது என் வீட்டுக்காரி. நான் வாசலில் வேப்பங்கட்டை அறுத்துக்கொண்டிருந்தேன். ரம்பத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"நிப்பாட்டு."

"எதுக்கு?"

"நிப்பாட்டுன்னேன்."

"இந்த ஒரு காலு. முடிச்சிட்டு நிப்பாட்டுறேன்."

நான் போய் ஸ்விட்சை அணைத்தேன். உளி இடறிக் கட்டையில் ஒரு கோடு விழுந்தது.

"பாதிக் கடைசல்ல அணைக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீக?" என்றாள்.

இந்த ஒரு கால் என்று அவள் சொன்னதுதான் காதில் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்றும் முதலில் சத்தம் வந்தது. இந்த ஒரு கட்டையை முடித்துவிட்டுப் பார்ப்போம் என்று விட்டேன். கட்டை பிடியை விட்டுப் பறந்து வந்தது. இடது கண் போய்விட்டது.

மதுரையில் இருபது நாள் படுத்திருந்தேன். திரும்பி வந்து உளியைப் பிடித்தால் தூரம் பிடிபடவில்லை. உளி முனை எங்கே, மரம் எங்கே என்று ஒற்றைக் கண்ணுக்குத் தெரியவில்லை. மிஷினை விற்றுவிடுவோம் என்றேன்.

"வித்துட்டு? மறுபடியும் களையெடுக்கவா? நான் நிக்கிறேன், நீங்க சொல்லிக் குடுங்க" என்றாள்.

ஆறு மாதத்தில் என்னைவிட நன்றாகக் கடைந்தாள். எனக்குச் சந்தோசம்தான். ஆனால் மிஷின் ஓடும்போது, வேறு வேலை இல்லாத நேரமெல்லாம் ஸ்விட்ச் பக்கத்தில் போய் நிற்பேன். கட்டை பறந்தால் இப்போது அவள் முகத்துக்குத்தான் வரும். முகத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தடுப்பு வாங்கிக் கொடுத்தேன். வேர்வையில் ஒன்றும் தெரியவில்லை என்று ஆணியில் மாட்டிவிட்டாள்.

அன்று முழுக்க மிஷினைப் பார்த்தேன். பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டினேன். சத்தம் இல்லை. அப்படியானால் மோட்டாரில் கோளாறு இல்லை. பெல்ட்டில் வெடிப்பு இருந்தது. உசிலம்பட்டி போய்ப் புது பெல்ட் வாங்கி வந்து மாட்டினேன். சத்தம் அப்படியே இருந்தது. பெல்ட் சுற்றும் புல்லியின் திருகை முடுக்கினேன். அப்படியே இருந்தது. மிஷினின் ஒரு கால் தரையில் சரியாக உட்காரவில்லை. தகரத்தை மடித்து அடியில் கொடுத்தேன். ஆட்டம் நின்றது. சத்தம் நிற்கவில்லை.

எண்ணெயும் விட்டேன். கட்டையைச் சுற்றுகிற இரும்புத் தண்டு இரண்டு வெண்கல வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கும். புஷ் என்போம். ஒவ்வொரு புஷ்ஷுக்கும் மேலே ஒரு சின்னத் துளை. அதில்தான் எண்ணெய் விட வேண்டும். விட்டேன், வழிந்தது. உள்ளே வேண்டிய அளவு இருக்கிறது என்று துணியால் துடைத்துவிட்டேன்.

அவள் படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தாள்.

"பெல்ட்ட மாத்துனீக. திருக முடுக்குனீக. காலுக்குச் செருப்பு மாட்டுனீக. இனி அதுக்குப் பேரத்தான் மாத்தணும்."

நான் குனிந்து புல்லியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சத்தந்தான போடுது? கடிக்கவா போகுது?"

"அன்னைக்கும் சத்தந்தான் போட்டுச்சு" என்றேன்.

அவள் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த நாளைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

கட்டில் கடைக்காரர் பதினாறு கால் கேட்டிருந்தார். ஐப்பசியில் ஒரு கல்யாணம், அந்த வீட்டுக்குப் போக வேண்டிய கட்டில்கள். ஒன்பது முடிந்திருந்தது. கோடு விழுந்தது போக ஏழு கடைய வேண்டும். அவளுக்கு அந்த ஏழுதான் மனதில். எனக்கு அந்தக் கீச்.

மறுநாள் காலையில் டீ குடிக்கப் போனேன். திரும்பும்போது தெருமுனையிலேயே கேட்டது. கீச். ஓடி வந்தேன். அவளே மிஷினை அணைத்துவிட்டு, கடைந்த காலைச் சுவரில் சாத்திக்கொண்டிருந்தாள்.

"பத்து" என்றாள்.

கையை ஓங்கினேனா, கத்தினேனா என்று சரியாக நினைவில்லை. கத்தினேன் என்றுதான் அவள் சொல்கிறாள். பிறகு புது பெல்ட்டைக் கழற்றி மஞ்சப் பையில் போட்டுக்கொண்டேன்.

"அத எங்க கொண்டு போறீக?"

"மதுரைக்கு."

"பெல்ட்டுக்கு ஊர் சுத்திக் காட்டவா?"

நான் பஸ் ஏறிவிட்டேன்.

ஆரப்பாளையத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், எனக்குத் தெரிந்த பாய் ஒருவர் இரும்பு லேத் வைத்திருக்கிறார். இருபது வருடப் பழக்கம். மிஷின் சத்தத்தைச் செல்போனில் பிடித்துக்கொண்டு போயிருந்தேன். போட்டுக் காட்டினேன்.

"மாப்ள, இது தேனி பஸ்ஸு ஹாரன். ஒன் மிஷினு எங்க?"

காலி பெயின்ட் டப்பாவுக்குள் போனை வைத்து, டப்பாவில் காதை வைத்துக் கேட்டார். கடைக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் கவலைப்படவில்லை. பிறகு பையிலிருந்த பெல்ட்டைப் பார்த்தார்.

"புது பெல்ட்டு. இத எதுக்குச் சொமந்துட்டு வந்த?"

"அவ ஓட்டிறக் கூடாதுன்னு."

"ஏ அல்லா! தங்கச்சிய நம்பாம பெல்ட்ட நம்புறியே" என்று சிரித்தார். பிறகு கேட்டார். "எண்ணெ விடுறியா?"

"தெனமும் விடுறேன் பாய். வழியுற அளவுக்கு."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"எம்புட்டு விட்டா வழியுது?"

"ரெண்டு சொட்டு."

"அது பழைய மிஷினு மாப்ள. புஷ்ஷு எண்ணெயக் குடிக்கணும். ரெண்டு சொட்டுல ஏன் வழியுது? வாய்ல என்னமோ அடச்சிருக்கு. உள்ள காஞ்சு கெடக்கு."

"ஓட்டுனா?"

"சூடாகி ஒரு நேரம் கப்புன்னு பிடிச்சிரும். தண்டு நின்னுரும். ஆனா சுத்துற கட்டை நிக்காது. பிடிய விட்டுட்டுப் போயிரும்."

எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை. என் கண்ணைப் பார்த்துவிட்டு அவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பும் பஸ் நாகமலைப் புதுக்கோட்டை தாண்டும்போதுதான் நினைவு வந்தது. பழைய பெல்ட். வெடிப்பு விட்ட பெல்ட்டைத் தூக்கிப் போடவில்லை. கொட்டகை மூலையில் சுருட்டி வைத்திருந்தேன்.

போன் போட்டேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. செக்கானூரணியில் போட்டேன். எடுக்கவில்லை. மிஷின் ஓடினால் அவளுக்கு மணி கேட்காது. உசிலம்பட்டியில் இறங்கி மாற வேண்டும். எழுமலை பஸ் நின்றது, டிரைவர் இல்லை. அவர் டீக்கடையில் வடை தின்றுகொண்டிருந்தார். போய், "அண்ணே, எடுக்கலாமா?" என்றேன். "நேரம் ஆகல" என்றார். வடையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் வந்தபோது மடியில் இருந்த பெல்ட்டை வளைத்து வளைத்துக் கையெல்லாம் கறுப்பாகியிருந்தது.

தெருமுனைக்கு வந்தேன். சத்தம் இல்லை. காலையில் கீச் கேட்டபோது இவ்வளவு பயம் இல்லை.

கொட்டகைக் கதவு திறந்திருந்தது. அவள் தரையில் மரச்சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். மிஷினில் பழைய பெல்ட் மாட்டியிருந்தது. கட்டை இல்லை. எதிர்ச் சுவர்த் தகரத்தில் ஒரு பள்ளம். அதன் கீழே அவள் கடைந்துகொண்டிருந்த கால் கிடந்தது. நான் முதலில் அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு கண்ணையும் பார்த்தேன்.

"ஒண்ணும் ஆகல" என்றாள். "உளி தீட்டலாம்னு இந்தப் பக்கம் வந்தேன். மிஷின அணைக்கல. அதுக்குள்ள..."

தகரப் பள்ளம் அவள் தலை உயரத்தில் இருந்தது. நான் கத்தவில்லை. தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து முன்பக்கப் புஷ்மேல் கையை வைத்தேன். சுட்டது. ஒரு பழைய சைக்கிள் கம்பியைத் தீட்டி எண்ணெய்த் துளைக்குள் விட்டேன். விரல் நகம் ஆழம்கூடப் போகவில்லை. குத்திக் குத்திக் கிளறினேன். மஞ்சளாகக் கெட்டியாக ஒன்று உடைந்து வந்தது. மேலே சிவப்பு. மூக்கில் வைத்தேன். கருகிய எண்ணெய் வாடைக்கு நடுவே சந்தனம்.

பின்பக்கத் துளையிலும் அதுதான்.

ஆயுத பூஜைக்கு மிஷினுக்குப் பொட்டு வைப்பது அவள் வேலை. மோதிர விரலில் தொட்டு ஓரமாக வைப்பாள். இந்த வருடம் நான் வைக்கிறேன் என்று கிண்ணத்தை வாங்கினேன். அவளை ஒன்றும் செய்துவிடாதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, கட்டை விரலால் அள்ளி இரண்டு புஷ்மேலும் அழுத்தி வைத்தேன். துளை இருந்த இடம் பொட்டுக்கென்றே குழித்த மாதிரி விரலுக்கு அகப்பட்டது. அதன்மேல் குங்குமம். ஒற்றைக் கண்ணுக்குக் குழி எது, துளை எது என்று தெரியவில்லை. கண்ணைச் சொல்லி என்ன. இருபது வருடமாக எண்ணெய் விட்ட துளை. கை அறிந்திருக்க வேண்டும்.

உடைந்த சந்தனத்தை அவளிடம் நீட்டினேன்.

"நான் வச்சது" என்றேன்.

அவள் அதை வாங்கி விரலில் நசுக்கிப் பார்த்தாள்.

"சாமிக்குப் பயந்து வச்சீகளா, மிஷினுக்குப் பயந்து வச்சீகளா?"

"ரெண்டுக்கும்."

"நல்லா வச்சீக" என்றாள். எழுந்து போய் முகம் கழுவினாள்.

தண்டைக் கழற்றினோம். முன் புஷ் உள்ளே கீறிக் கிடந்தது. பாய் புதிதாகக் கடைந்து கொடுத்தார். தண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். இரண்டு நாள் போனது. மாட்டி முடித்து எண்ணெய் விட்டேன். பத்துச் சொட்டு, பதினைந்து சொட்டு. துளை வழியவில்லை. உள்ளே இறங்கியது.

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உளியை எடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன்.

"மொதக் கட்டைக்கு நான் நிக்கிறேன்."

"உள்ள ஒரு கண்ணையும் குடுத்துட்டு என்ன செய்வீக?"

"நிக்கிறேன்னா நிக்கிறேன்."

"இது என்ன, சல்லிக்கட்டா? தள்ளுங்க."

தள்ளவில்லை. மூன்று வருடமாக அந்த இடத்தில் நான் நிற்கவில்லை. நான் வைத்த பொட்டுக்கு அவள் முகம் பலியாகக் கூடாது. அதைச் சொல்ல எனக்கு வரவில்லை. ஒரு வேண்டாத வேப்பங்கட்டையை மாட்டினேன். அவள் ஸ்விட்ச் பக்கத்தில் போய் நின்றாள்.

மிஷின் ஓடியது. கீச் இல்லை. பழைய இரைச்சல் மட்டும். உளியைக் கொண்டு போனேன். மரம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. இடது கை விரலை முன்னால் விட்டுத் தடவிக்கொண்டு போனேன். உளி தொட்டது. சுருள் வந்தது. கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. ஒரு முறை நிமிர்ந்து பார்த்தேன். அவள் கட்டையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் ஸ்விட்ச்மேல் இருந்தது. நான் மூன்று வருடம் எங்கே நின்றேனோ அங்கே அவள் நின்றாள்.

பாதியிலேயே அணைத்துவிட்டாள்.

"பாதிக் கடைசல்ல..." என்றேன்.

"தெரியும்." கட்டையைக் கழற்றிக் கையில் உருட்டினாள். "இது என்ன, கட்டில் காலா, கோணப் புடலங்காயா?"

பிறகு என்னைத் தோளால் இடித்து நகர்த்திவிட்டு நல்ல கட்டையை மாட்டினாள்.

அன்று சாயங்காலத்துக்குள் நான்கு கால் முடித்தாள். ஒவ்வொரு கால் முடிந்ததும் புஷ்மேல் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்புத்தான். ஐந்தாவது கட்டையைக் கடையும்போதே கையைக் கொண்டு போனேன். உளியை எடுக்காமல் முழங்கையால் தட்டிவிட்டாள்.

"காச்சக்காரப் பிள்ளையா அது? தொட்டுத் தொட்டுப் பாக்குறீக. வெளியில போய்க் கட்டை அறுங்க."

கையை எடுத்துக்கொண்டேன். வெளியே போகவில்லை. ஸ்விட்ச் பக்கத்தில் போய் நின்றேன். அதற்கு மேல் அவளும் போகச் சொல்லவில்லை.