நாற்பது பலகைப் படங்களும் அடையாறு கேக் கடையும்

நம் ஆட்களுக்கு இங்கிலீஷ் ஒரு மாதிரிப் பேய். தன்மேல் ஏறியிருப்பது தெரியாது. அடுத்தவன் மேல் ஏறியிருந்தால் தெருக்கோடியிலிருந்தே தெரிந்துவிடும்.

மயிலாப்பூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங், ஸ்பைரல் பைண்டிங், பெயர்ப்பலகை டிசைன் எல்லாம் உண்டு. படிப்பு பத்தாவதோடு சரி. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், ஊராரின் விண்ணப்பங்களை அடித்து அடித்து விரல் வழியாக ஏறியது. அதனால் அந்த மொழியிடம் எனக்குப் பயமும் இல்லை, பக்தியும் இல்லை.

போன வருஷம் எங்கள் தெருவில் ரிட்டயரான அதிகாரி மாமா ஒருவர் தாய்லாந்து, வியட்நாம் என்று டூர் போய்விட்டு வந்தார். கோயிலையோ கடலையோ படமெடுக்கவில்லை. போனில் நாற்பது படங்கள். நாற்பதும் கடைப் பலகைகள். எல்லாம் இங்கிலீஷில் எழுத்துப்பிழை உள்ளவை. கலரில் பிரிண்ட் போட்டு, பைண்டிங் செய்து, பத்து காப்பி வேண்டுமாம். வாக்கிங் சிநேகிதர்களுக்குக் கொடுத்துச் சிரிக்கவைக்க.

"பாருப்பா, ஃப்ரைடு ரைஸை ஃப்ரெண்டு ரைஸ்னு எழுதி வெச்சிருக்கான்! சிநேகிதனை வறுத்துப் போடறான் போலிருக்கு! இதைப் பாரு, முடிவெட்டற கடை. ஹேர் கட்டுக்குப் பதிலா ஹெட் கட். உள்ளே போனா தலையோட திரும்ப முடியாது!"

முதல் ஐந்து படங்களுக்கு நானும்தான் சிரித்தேன், பொய் சொல்லக்கூடாது. ஆறாவது படத்தில் பலகைக்குக் கீழே ஓர் அம்மாள் நின்றிருந்தாள். தன்னைத்தான் படமெடுக்கிறார் என்று நினைத்து, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, வாய் நிறையச் சிரிப்பு. மாமா அவளைக் கழுத்தோடு வெட்டச் சொன்னார். எழுத்து பெரிசாகத் தெரியணுமாம்.

ஆதார் நகல் எடுக்க வந்திருந்த மீன்காரம்மா எட்டிப் பார்த்தாள். "அவன் கடைல அவன் எழுதிக்கினு கீறான், உனுக்கு இன்னா நைனா? சோறு நல்லா இருந்துச்சா, அத்த சொல்லு."

மாமா அடுத்த படத்துக்குத் தள்ளினார். டூர்க்காரர்கள் கூடவே ஒரு சமையல்காரரையும் கூட்டிப்போயிருந்தார்கள். வியட்நாமில் இருந்தவரை மாமா சாப்பிட்டது சாம்பார் சாதம்.

அதே வாரம் அவர் மருமகளும் அவரும் சேர்ந்து வந்தார்கள். அந்தப் பெண் ஆறு வருஷமாக வீட்டுச் சமையலறையில் முட்டை போடாத கேக் செய்து விற்றவள். பெட்டியில் ஒட்டும் லேபிள் நான் அடித்துக் கொடுப்பதுதான். இப்போது அடையாறில் ஒற்றை ஷட்டர் கடை ஒன்று பிடித்திருந்தாள். வெள்ளிக்கிழமை திறப்பு. பலகைக்கு டிசைன் போட வேண்டும்.

மாமா சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நான்கு மூலையிலும் மஞ்சள். நியூமராலஜிக்காரர் எழுதிக் கொடுத்தது. இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. கூட்டினால் நல்ல எண் வரவேண்டும். அதற்காகக் கடைப் பெயரில் வரும் 'கேக்ஸ்' என்ற சொல்லின் நடுவே இன்னொரு 'ஏ', கடைசியில் இன்னொரு 'எஸ்'. முழுப் பெயரின் கூட்டுத்தொகை இருபத்துமூன்று. வியாபாரம் ஓஹோ.

இது இந்த ஊருக்குப் புதிதில்லை. தி. நகரில் நடந்து பாருங்கள், பெரிய பெரிய கடைப் பலகைகளில் எழுத்துகள் இரட்டைப் பிள்ளைகளாக நிற்கும். அதை எவனும் படமெடுத்துச் சிரிக்கமாட்டான். ஏசி போட்ட தப்பு மரியாதைக்குரியது. தெருவோரம் சோறு வறுப்பவன் தப்பினால்தான் ஆல்பம்.

"அப்பா, இப்படிப் போட்டா எனக்குக் கேக்னு எழுதவே தெரியலைன்னு நினைச்சுப்பா. ஒவ்வொருத்தரா சேர்த்த கஸ்டமர். கடை வாசல்லயே சிரிச்சுட்டுப் போயிடுவா" என்றாள் மாமனாரிடம்.

"சிரிக்கட்டுமே. நம்பர்தான் முக்கியம்."

"அந்த வியட்நாம்காரர் தெரியாம எழுதினார். நீங்க டோக்கன் வாங்கிண்டு, வரிசைல உக்காந்து, தப்பை எழுதி வாங்கிண்டு வந்திருக்கேள்."

மாமாவின் காது சிவந்தது. "இது தப்பில்லை, கணக்கு. கடை அக்ரிமெண்ட் என் பேர்ல இருக்கு, ஞாபகம் இருக்கட்டும். இந்த எண் இல்லாத பலகை அங்கே ஏறாது."

அவள் கண் கலங்கிவிட்டது. நான் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். குடும்பச் சண்டையில் ஜெராக்ஸ்காரன் வேறெதைப் பார்ப்பான்? கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரொம்பப் பணிவாக ஒரு கேள்வி கேட்டாள்.

"தமிழ் எழுத்துக்கு என்ன நம்பர்ப்பா?"

மாமா விழித்தார். உடனே நியூமராலஜிக்காரருக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில்.

"தமிழுக்கு டேபிள் கிடையாது சார். இங்கிலீஷ் மட்டும்தான் வேலை செய்யும்" என்றது போன்.

"தமிழ்ல எழுதினா என்ன ஆகும்?"

"நல்லதும் ஆகாது, கெட்டதும் ஆகாது. கணக்குலயே வராது சார்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, முழுக்கத் தமிழ்ல போட்டுடுங்கோ. ஒரு இங்கிலீஷ் எழுத்துகூட வேண்டாம்."

மாமா போனை அணைப்பதற்குள் பாதிப் பலகையை அடித்துவிட்டேன். எண்ணே இல்லாத பலகையை எந்த எண்ணைச் சொல்லித் தடுப்பார்? தோஷம் இல்லாத விஷயத்தை எதிர்க்க அவருக்கும் வழி தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை நானும் போயிருந்தேன். எட்டடிப் பலகை, தெளிவான தமிழ். மாமா வாசலில் நின்று, வருகிற ஒவ்வொரு வாக்கிங் சிநேகிதரின் கையையும் பிடித்துக்கொண்டார். "இங்கிலீஷ் எதுக்கு ஓய் நமக்கு? நான்தான் தமிழ்ல போடுன்னு பிடிவாதமாச் சொன்னேன். தாய்மொழின்னா எனக்கு உயிர்." சொல்லும்போது குரல்கூடக் கொஞ்சம் தழுதழுத்தது. வெட்கம் என்ற சாமானை அந்த மனிதர் எங்கே தொலைத்தார் என்று தெரியவில்லை.

உள்ளே மருமகள் தலை நிமிரவில்லை. பெட்டி மடித்து, கயிறு கட்டி, நீட்டிக்கொண்டே இருந்தாள். மாமா தாய்மொழியைப் பற்றி ஐந்தாவது முறை ஆரம்பித்தபோதுதான் அவள் குரல் வந்தது.

"அப்பா, வாசலை மறிச்சுண்டு நிக்காதீங்கோ. பின்னாடி ஆள் நிக்கறா."