பெயிண்ட் அடிப்பதற்கு முந்தைய நாள்

2024 ஜனவரி 9, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்து. மூடுபனி. வெளியே ஒன்பது டிகிரி. டெல்லி கோல் மார்க்கெட் பக்கத்துப் பேராலயத்துக்குள் அதைவிடக் குளிர் என்று எனக்குத் தோன்றியது. அப்படி ஒன்றுமில்லை என்றாள் என் மனைவி.

மறுநாள் வியாகுல மாதா சுரூபத்துக்குப் பெயிண்ட் அடிக்க ஆட்கள் வருவதாக இருந்தது. இறந்த மகனை மடியில் கிடத்தியிருக்கும் மாதா. இடது கன்னத்தில் பழைய வர்ணம் ஒரு விரல் நீளத்துக்கு உதிர்ந்து, அழுது காய்ந்த தடம்போல இருக்கும். நர்ஸ் வேலைக்கு டெல்லி வந்ததிலிருந்து முப்பத்தெட்டு வருடமாக என் மனைவி ஜெபித்தது அந்த முகத்தைப் பார்த்துத்தான்.

"போன வருசம் அந்தோணியாருக்கு லிப்ஸ்டிக் போட்டு விட்டாவ. நாளைக்கு இவங்களுக்கும் அதான். இன்னைக்கே முகத்த போட்டோ எடுத்துக் குடுத்துருங்க," என்றிருந்தாள்.

ஃபிளாஷ் கூடாது, முக்காலி கூடாது, பன்னிரண்டு மணிப் பூசைக்குள் முடிக்க வேண்டும் என்று சொல்லித்தான் பங்குத்தந்தை அனுமதித்திருந்தார். ஆக ஐம்பது நிமிடம். பக்கவாட்டு மாடத்தில் ஒரே ஒரு பல்பு, அதுவும் மாதாவின் தலைக்குப் பின்னால். முகத்தில் விழுந்தது கீழே எரிந்த ஏழு மெழுகுவத்திகளின் வெளிச்சம் மட்டும். அந்த மங்கலில் ஒவ்வொரு படத்துக்கும் அரை நொடி கை அசையாமல் நிற்க வேண்டும்.

ஊர் வழக்கப்படி வாசலிலேயே ஷூவைக் கழற்றியிருந்தேன். இங்கே யாரும் கழற்றுவதில்லை. சலவைக்கல்லின் குளிர் காலுறை வழியாக ஏறி, முழங்காலைத் தாண்டி, கைக்கு வந்துவிட்டது.

"அங்கிள்ஜி, ஜூதா பெஹன் லோ," என்று காவலாளி இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். நான் ஷூவைப் போட்டுக்கொள்ளவில்லை. நாற்பத்தோரு படம் எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாவற்றிலும் மாதாவுக்கு நான்கு கண்.

"கேமராவ இங்க தாங்க," என்றாள் மனைவி.

"பதினாறு வருஷமா வச்சிருக்கேன், எனக்கே வரல. கீழ போட்டுட்டன்னா?"

"கரண்டு போன வார்டுல, டார்ச் வெளிச்சத்துல, பச்சப் பிள்ளைக்கு நரம்பு தேடி ஊசி போட்டவ நான். இதப் போட்ருவனாக்கும்!"

மணி பதினொன்று நாற்பத்தாறு. வாரை அவள் கழுத்தில் மாட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்த பிறகே கொடுத்தேன். அவள் முதல் வரிசையில் முழங்காலிட்டு, முன்னாலிருந்த பலகையில் முழங்கைகளை ஊன்றிக்கொண்டாள்.

"மூச்ச விட்டுட்டுல்லா அமுக்கணும். நீங்க இழுத்துப் புடிக்கிய, அதான் ஆடுது."

மூன்றே படம். இரண்டாவதில் கன்னத்துத் தடம் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை தெளிவாக விழுந்திருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு முழங்காலிலிருந்து எழாமல் இருந்தாள். எனக்குக் குளிர் மறந்துபோனது. நான் எடுத்த நாற்பத்தொன்றையும் அங்கேயே அழித்துவிட்டேன்.

புதன்கிழமை பெயிண்ட் அடித்தார்கள். ஞாயிறன்று அவளோடு வேலை பார்த்த நர்ஸ்கள் மாதாவின் ரோஜா நிறக் கன்னத்தைப் பார்த்து முணுமுணுத்தபோது, இவள் கைப்பையிலிருந்து படத்தை எடுத்துக் காட்டினாள். ஆளுக்கொன்று கேட்டார்கள். பதினேழு பேர்.

"அதுக்கென்ன, எங்க வீட்டுக்காரவ போட்டுத் தருவாவ," என்றாள், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

துவாரகா ஸ்டுடியோவில் சின்ன அளவே போதும் என்றேன். முகம் தெரிய வேண்டாமா என்றாள். பெரிய அளவில் பதினேழு, எங்கள் வீட்டுக்குச் சட்டம் போட்டு ஒன்று. ஆக மொத்தம், மெட்ரோ டிக்கெட் நீங்கலாக, 2,390 ரூபாய்.