மூக்கை நம்பித் தின்ற மாம்பழங்கள்

அடுப்பில் ஏறிய எதையும் தொடமாட்டேன் என்று ஒரு காலத்தில் வீட்டில் சட்டம் போட்டிருந்தேன். செல்போனில் யாரோ பேசியதைக் கேட்டுப் பிடித்த கிறுக்கு. எல்லாவற்றையும் பச்சையாகத்தான் தின்ன வேண்டும், எதைத் தின்பது என்று உடம்பே சொல்லும், முகர்ந்து பார்த்து எது மணக்கிறதோ அதுதான் அன்றைய சாப்பாடு என்றார் அந்த ஆள். நானும் நம்பினேன்.

சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன் நான். காலையில் தட்டில் வெள்ளரிக்காய், தேங்காய்ச் சில்லு, நிலக்கடலை, மாம்பழம் எல்லாம் இருக்கும். கண்ணை மூடி ஒவ்வொன்றாக முகர்வேன். தினமும் மாம்பழம்தான் ஜெயிக்கும். அதன் சீசன் முடிந்தால் வாழைப்பழம், சீப்புச் சீப்பாக. மனைவி ஏதாவது சொன்னால் எரிந்து விழுவேன்.

முதலில் இளைத்தேன், பெருமையாக இருந்தது. அப்புறம் ஓயாத தாகம். அதன் பிறகு கண் மங்கியது. அச்சான தாளில் நாலு நிறமும் ஒன்றின் மேல் ஒன்று பிசகாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்து, "ஓட்டு" என்று சொல்வது என் பொறுப்பு. எனக்குச் சோறு போட்டதே அந்தக் கண்தான். ஒருநாள் அம்மன் காலண்டர் ஒன்றைப் பார்த்து "ஓட்டு" என்றேன். பாதி ஆர்டர் ஓடிய பிறகு முதலாளி வந்து தாளைத் தூக்கிப் பிடித்தார். சிவப்பு விலகி, அம்மனின் உதட்டுச் சாயம் கன்னத்துக்கு வந்திருந்தது.

"அண்ணாச்சி, கண்ணக் காட்டுங்க. சரியாகுற வரைக்கும் பேக்கிங்ல இருங்க" என்றார். செத்துவிடலாம் போலிருந்தது.

டாக்டர் சர்க்கரையைப் பார்த்துவிட்டுத் திட்டினார். அது இறங்கினால் பார்வை தெளிய வாய்ப்பிருக்கிறது என்று மாத்திரை எழுதி, இனிப்பையும் மாவுப் பண்டத்தையும் குறைக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து, "உடம்புக்கு ஆகாதத மூக்கு கேக்குமா?" என்று மனைவியிடம்தான் கத்தினேன்.

அவள் சிரித்தாள். "ஏங்க, நேத்து பாலு தீஞ்சு தெருவே நாறுச்சு. நீக பக்கத்துல ஒக்காந்து செல்போன்ல அந்தாளு பேச்சக் கேட்டுக்கிட்டு இருந்தீக. மையிலயும் மண்ணெண்ணெயிலயும் ஊறுன மூக்குக்கு வெள்ளரிக்கா வாசம் எங்கன தெரியும்? கத்திக் கூப்புடுற பழந்தான் தெரியும்."

சுருக்கென்றது. தினமும் மண்ணெண்ணெயில் மெஷினின் மை உருளை துடைத்துச் செத்துப்போன மூக்கு. அதையா நான் நம்பினேன்!

மறுநாளே எனக்கும் சேர்த்து அடுப்பு எரிந்தது. முட்டை, கீரை, மீன், கோழி, சுரைக்காய். சோறில்லை, பழமில்லை. முதலில் தலைவலி, கண்டவர் மேலெல்லாம் கோபம். ஒருநாள் விருதுநகரில் பரோட்டாக் கடைக்குள் போய் உட்கார்ந்து, "மட்டன் சுக்கா, ரெண்டு ஆம்லேட். பரோட்டா வேணாம்" என்றேன்.

பழக்கமான மாஸ்டர் கல்லை விட்டுவிட்டு வந்தார். "என்னண்ணாச்சி, இங்கன வந்து பரோட்டா வேணாங்கீக? ஒடம்பு சரியில்லையா?"

"சரியாகத்தாம்லே வேணாங்கேன்!" கடையே சிரித்தது. எண்ணெயில் பொரியும் பரோட்டாவின் மணம் என் மூக்குக்கே எட்டியது. எட்டட்டும், இனி அதன் பேச்சை யார் கேட்பது?

சர்க்கரை இறங்கியது. டாக்டரே மாத்திரையைக் குறைத்தார். ஒரு காலையில், தூரத்தில் திரும்பிய பஸ்ஸின் போர்டில் எம். புதுப்பட்டி என்று எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. ரோட்டிலேயே கத்திவிட்டேன்.

அடுத்த காலண்டர் சீசன். பேக்கிங்கில் காலண்டர்களைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். மெஷினிலிருந்து வந்த புதுத் தாளில் ஏதோ உறுத்தியது. அதே அம்மன், அதே சிவப்பு.

"ஏலே, நிப்பாட்டு மெஷின!"

மெஷின் நின்றது. முதலாளி ஓடிவந்து லென்ஸை வைத்துக் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். "மயிரிழைதான் விலகியிருக்கு. அங்கன இருந்து வெறுங்கண்ணுல எப்படிப் பாத்தீக?" என்றவர் லென்ஸை என் கையில் திணித்தார். "போங்க அண்ணாச்சி, ஒங்க மெஷினுக்குப் போங்க."

சிவப்பை நகர்த்திச் சரிசெய்து ஒரு தாள் எடுத்தேன். அம்மனின் உதடு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. லென்ஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கட்டிடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்:

"ஓட்டு!"