மீசை வைத்த பூசணி

அமெரிக்காவில் இருக்கும் மகள் போன வாரம் ஒரு போட்டோ அனுப்பினாள். மஞ்சள் பூசணிக்காயைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே விளக்கு வைத்திருந்தாள். ஹாலோவீனாம். "பேயை விரட்டறதுக்கும்மா" என்றாள் போனில். எந்தப் பேயை என்று கேட்டேன். சிரித்தாள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இதே மாதிரி ஒரு கேள்வியைக் கேட்டு ஓர் ஐப்பசியில் அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். குறுவை முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது, கிழக்கே வானம் கறுக்கிறது, அறுக்க ஆள் இல்லை. கூலியை உயர்த்தாமல் அரிவாளைத் தொடமாட்டோம் என்று வேலையாட்கள் சொல்லிவிட்டார்கள். புதிய ஆட்சி கூலிக்குச் சட்டம் போட்டிருப்பதாக ரேடியோ சொன்னது. அப்பா ரேடியோவை நிறுத்தினார். மழை முந்தினால் நெல் வயலிலேயே முளைத்துவிடும், அந்த வருஷச் சாப்பாடு போச்சு. அப்பாவோ, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று சந்தையிலிருந்து ஒரு சாம்பல் பூசணி வாங்கி வந்தார். வீட்டில் படம் வரைகிறவள் நான். அசுர முகம் என் பொறுப்பு.

வேலை எனக்குப் பிடித்திருந்தது. சாம்பல் பூத்த தோலில் ஆணியால் கீறினால் பச்சைக் கோடு விழும். அப்படி இரண்டு கண்களை ஆழமாகக் கீறினேன். பல்லுக்குச் சுண்ணாம்பு, நாக்குக்குக் குங்குமம், மீசைக்கு விளக்குக்கரி. ஆனால் அசுரன் எப்படி இருப்பான், நான் என்ன கண்டேனா? கை தன் போக்கில் போயிற்று.

"இதப் பாத்து யாருப்பா பயப்படணும்?" என்று கேட்டேன்.

"வரப்புல நின்னு பாக்குறவங்க எல்லாரும்தான். வாய மூடிக்கிட்டு வரை."

வாசலில் கட்டினார். மறுநாள் காலை கூலி பேச நாலைந்து பெண்கள் வந்தார்கள். முன்னால் நின்ற அம்மாள், வருஷாவருஷம் எங்கள் வயலில் முதல் நாற்றை நடுகிறவர். நிமிர்ந்து பூசணியைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பின்னால் நின்றவர்களுக்கு அந்த அடக்கம்கூட இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. முறுக்கு மீசை, முட்டைக் கண், துருத்திய முன்பல். சாட்சாத் அப்பா!

"என்ன சிரிப்பு?" என்றார் அப்பா.

அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்தினார். "இது எங்களுக்காகக் கட்டுனதாங்க?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். அந்த அம்மாள் விடவில்லை.

"நட்டது நாங்க. களை பறிச்சது நாங்க. அந்தப் பயிர் மேல எங்க கண்ணாங்க படும்?"

அப்பா பூசணியை நிமிர்ந்து பார்த்தார். அவர் கை தானாக மீசைக்குப் போயிற்று. எனக்கு அறை நிச்சயம் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"கேட்ட கூலியத் தர்றேன். நாளைக்கு வயல்ல இறங்குறீங்களா?"

"வந்துடுறோங்க."

மூன்று நாளில் அறுப்பு முடிந்தது. மழை அதற்குப் பிறகுதான் வந்தது. ஆனால் பூசணியைக் கூலி பேசிய அன்றைக்கே அப்பா இறக்கிவிட்டார். திருஷ்டிக்குக் கட்டிய காயைச் சமைக்கக் கூடாது என்பதால் வாய்க்காலில் விடச் சொல்லி என்னிடம் கொடுத்து, கூடவே வந்தார். தண்ணீர் பட்டதும் கரி கரைந்து மீசை போயிற்று, பல் போயிற்று. ஆணியால் கீறிய கண்கள் மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டே மதகுவரை மிதந்தன.

"பயமாத்தான் இருக்கு" என்றார் அப்பா.