மரங்கொத்தி அட்டையின் பின்பக்கம்

இங்கிலாந்தில் கிரிம்ஸ்பி மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த ஈனிட் ஹாலத்தின் வாய்க்குள் புகுந்து புறப்படாத ஊர்க்கதை கிடையாது. எவன் பெண்டாட்டி எவனோடு சினிமாவுக்குப் போனாள், பாதிரியார் வீட்டுப் பூனை யாருடைய மீனைத் தூக்கியது, எல்லாம் அங்கே சூடாகக் கிடைக்கும். ஒரே ஒரு விஷயம் மட்டும் கிடைக்காது. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் லண்டனில் அவள் என்ன வேலை பார்த்தாள்? "சலவைக் கணக்கு டைப் அடிச்சேன்" என்பாள். கட்டின புருஷன் வில்ஃபுக்கும் அதே பதில்தான்.

உண்மையில் அவள் பார்த்தது பெயர் வைக்கிற உத்தியோகம். பட்டாளமோ உளவுக்காரர்களோ ரகசியமாக ஒரு காரியத்துக்குக் கிளம்பினால் அதற்கு ஒரு மறைபெயர் வேண்டும். பெயர்கள் அட்டையில், அட்டைகள் மரப்பெட்டியில், பெட்டி ஈனிட்டின் மேஜையில். சாகிறவரை மூச்சு விடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்த நாற்காலியே கொடுத்தார்கள்.

சண்டை முடிந்து ஐந்து வருஷம் கழித்து, ஒரு அக்டோபர் காலையில், தபால்காரன் ஸ்டான் திர்க்கெல் நொண்டிக்கொண்டே கடைக்குள் வந்தான். சண்டையில் அவனுக்கு இடது கால் விரல்கள் ஐந்தும் போய்விட்டன. அதற்கென்று தைத்த பூட்ஸ் கேட்டு பட்டாள அமைச்சகத்துக்கு மனுப் போட்டிருந்தான்.

"பூட்ஸ் வந்துச்சா கண்ணு?" என்றாள் ஈனிட்.

"கடுதாசிதான் வந்துச்சு, மிஸஸ் ஹாலம். நான் போன 'மரங்கொத்தி'ங்கற காரியம் எகிப்துப் பாலைவனத்துல நடந்துச்சாம். அங்க பனியில உறைஞ்சு விரல் போக வழியே இல்லையாம். நான் போனது நார்வேங்க. முழங்கால் அளவு பனி."

மீன்கூடை சுமக்கிற பார்னி கோப்பையைக் கீழே வைத்தான். "ஒட்டகம் கடிச்சிருக்கும்டா. வெக்கப்பட்டுக்கிட்டுப் பனிங்கறான்."

கடையே சிரித்தது. ஸ்டானும் கொஞ்சம் சிரித்துப் பார்த்தான். "மாசக் கடைசிக்குள்ள பூட்ஸ் வரலைன்னா வேலை போயிடும். அதைக்கூட விடுங்க. என்னைப் பொய்யன்னுல்ல எழுதிட்டாங்க."

ஈனிட் ஊற்றிய டீ சாஸர் நிறைந்து மேஜையில் ஓடியது.

அந்த லண்டன் ஆபீசில், முடிந்துபோன காரியத்தின் பெயரை ஆறு மாதம் வேறு காரியத்துக்குத் தரக்கூடாது என்பது சட்டம். ஒருநாள் ஒரு அதிகாரி மேஜைக்கு முன்னால் நின்று, "ஒரு பேரு குடும்மா, கப்பல் நிக்குது" என்று குதித்தார். பெட்டியில் புதுப்பெயர் ஒன்றுகூட மிச்சமில்லை. எகிப்து வேலை முடிந்து மூன்றே வாரம் ஆன 'மரங்கொத்தி'யை எடுத்து அட்டையைத் திருப்பினாள், பின்பக்கத்தில் நார்வே என்று எழுதினாள், கொடுத்தாள். இப்போது எவனோ ஒரு குமாஸ்தா முன்பக்கத்தோடு நிறுத்திவிட்டான்.

சொன்னால் ஜெயில். சொல்லாவிட்டால் ஸ்டானின் வேலை போகும். அன்று முழுக்க ஈனிட் ஒரு வம்புகூடப் பேசவில்லை. "உடம்பு சரியில்லையா புள்ள?" என்று வில்ஃப் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

மறுநாள் அமைச்சகத்துக்கு ஒரே வரி எழுதினாள்: 'மரங்கொத்தி அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.' கீழே பெயரும் விலாசமும். மொட்டைக் கடுதாசி என்றால் குப்பைக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும். அதைப் பையில் போட்டு எடுத்துப் போனவனும் ஸ்டான்தான்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, கதவுக்கு வெளியே கீச்சுக் கீச்சென்று சத்தம். புது பூட்ஸ். ஸ்டான் நொண்டாமல் உள்ளே வந்தான்.

"அட்டையைச் சரியாப் பாக்கலையாம், மன்னிப்புக் கேட்டு எழுதிட்டாங்க. டேய் பார்னி, ஒட்டகம் தப்பிச்சுதுடா." அப்புறம் பையைத் துழாவினான். "உங்களுக்கும் அங்கேர்ந்து ஒண்ணு இருக்கு, மிஸஸ் ஹாலம்."

பழுப்பு உறை. ஈனிட் திரும்பி நின்று படித்தாள். கையெழுத்திட்ட உறுதியை மீறியிருக்கிறீர்கள், இன்னொரு முறை நடந்தால் வழக்கு என்று இருந்தது. நாலாக மடித்து டீத்தூள் டப்பாவுக்கு அடியில் செருகினாள்.

"என்னவாம்?" என்றான் பார்னி.

"சலவைக் கணக்குல ஒரு பழைய தப்பாம்" என்றாள் ஈனிட். "ஸ்டான், காலை நீட்டு கண்ணு. லேஸ் அவுந்திருக்கு பாரு."