சாவடிக்கு அந்தப் பக்கம் இலை, இந்தப் பக்கம் கஞ்சா

ஓசூரில் நிருபர் வேலை என்பது பாதி நேரம் செய்தி தேடுவது, மீதி நேரம் போலீஸ் அனுப்பும் குறிப்பில் ஊர்ப் பெயரைச் சரிபார்ப்பது. எல்லைப் பக்கம் காலம் தள்ளும் சக நிருபர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கர்நாடகத்திலிருந்து வரும் பஸ்ஸில் ஏதாவது ஒரு பை சிக்கும். நமக்கு வேண்டியது எடை, வயது, சொந்த மாநிலம். தலைப்பு ஏற்கெனவே தயாராக இருக்கும்.

ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே

ஹோலி முடிந்த வாரம் சோதனைச் சாவடியில் ராம்நரேஷ் என்பவரை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். உத்தரப் பிரதேசக்காரர். சிப்காட்டில் ஒரு வார்ப்பட ஆலையில் ஐந்து வருடமாக உலை வேலை. ஊருக்குப் போனவரிடம் உடன் வேலை செய்பவர்கள் பாங் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். கஞ்சாச் செடியின் காய்ந்த இலை அது. அவர் ஊரில் அரசு உரிமம் பெற்ற கடையில், பெயர்ப் பலகை வைத்தே விற்கிறார்கள். எல்லா பாக்கெட்டும் சேர்த்து ஒரு கிலோவைத் தாண்டிவிட்டதால் ஸ்டேஷன் ஜாமீன் இல்லை.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் பாக்கெட்டின் மேல் ஏதோ இந்தியில் அச்சாகியிருந்தது. பெரிதாக்கிப் பார்க்கவில்லை. ஒப்புக்கு ஏட்டுவைக் கூப்பிட்டு, "இலை மாதிரி இருக்கே, கஞ்சான்னே போடலாமா?" என்றேன். அவர் சொன்னார்: "செடி அதுதான சார்? இலைய தனியா, பூவ தனியா எழுதறதுக்கு என்கிட்ட ரெண்டு ரிஜிஸ்டரா இருக்குது?"

அறிவிப்புப் பலகை

"கஞ்சா கடத்திய வடமாநில வாலிபர் கைது." கூடவே பாஸ்போர்ட் அளவில் முகம். பேப்பர் வந்த அன்று மாலையே அவர் மனைவி கீதா என்னைத் தேடி வந்தார். ரோஜா பண்ணையில் பூ வெட்டும் வேலை. இரண்டு விரல்களில் பிளாஸ்திரி. ஐந்து வருடத்தில் தமிழ் பேசக் கற்றிருந்தார், படிக்கத் தெரியாது. கையில் போன வருடத்துக் காலி பாக்கெட் ஒன்று; அதில் கடையின் உரிம எண்.

கணவர் வந்து சேரவில்லை, போனும் எடுக்கவில்லை என்று காலையில் ஆலைக்குப் போயிருக்கிறார். காண்ட்ராக்டர் என் செய்தியை வெட்டி, கேட்டில் இருக்கும் பலகையில் ஒட்டியிருந்தார். செக்யூரிட்டி சொல்லித்தான் அது என்னவென்று கீதாவுக்குத் தெரிந்திருக்கிறது. பாக்கெட்டை என் மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "நல்லா வேலை செய்யறவங்க போட்டோ அந்த போர்டுலதான் ஒட்டுவாங்க அண்ணா. நான் சந்தோஷப்பட்டு போன்ல படம் எடுத்துக்கிட்டேன்."

மூன்று வரி

அதன் பிறகுதான் ஒரு வக்கீலிடம் கேட்டேன். அதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். மத்திய அரசின் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்றால் பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி. அது கலக்காத வெறும் இலை அதில் வராது. அதை என்ன செய்வதென்று மாநிலங்கள் முடிவு செய்துகொள்ளலாம். சேலத்தில் இருக்கும் எங்கள் துணையாசிரியரைக் கூப்பிட்டு, விளக்கமாக ஒரு செய்தி போடலாமா என்றேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார்.

"கோர்ட்டு சொல்லட்டும்ப்பா, மூணு வரி போட்டுடலாம். நாமளே சொன்னா, நேத்து போட்டது என்னன்னு கேப்பாங்க இல்ல?"

கோர்ட் வராந்தா

ஜாமீனுக்கு உள்ளூரில் சொத்து உள்ள இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ராம்நரேஷுக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் உலைப் பக்கம் நிற்பவர்கள்; ஒருவர் பெயரிலும் ஒரு சென்ட் நிலம் இல்லை. நான் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் இருப்பதும் வாடகை வீடுதான். ஆய்வக அறிக்கை வந்தபோது கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் சீசனே முடிந்திருந்தது. வெறும் இலை, பூவோ காயோ இல்லை என்று அறிக்கை சொன்னது. மத்திய சட்டம் விலகிக்கொண்டது.

ஆனால் நம் மாநில மதுவிலக்குச் சட்டத்தில் இலையும் குற்றம். பிரிவை மாற்றினார்கள். ஒப்புக்கொண்டால் உள்ளே இருந்த நாட்களையே தண்டனையாகக் கழித்துக்கொண்டு அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், மறுத்தால் வாய்தா தொடரும் என்றார் வக்கீல். பாதியாக இளைத்திருந்த ராம்நரேஷ், வராந்தாவில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே நின்று என்னைக் கேட்டார்: "ஊர்ல கவர்மெண்ட் லைசென்ஸ் குடுத்து விக்குது. டெல்லி கவர்மெண்ட் இது கஞ்சா இல்லன்னுது. இங்க கவர்மெண்ட் புடிக்குது. நான் யாருக்கு தப்பு பண்ணேன் சார்?"

உள்ளிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய் ஒப்புக்கொண்டார்.

கேட்

மூன்று வரி வந்தது, ஏழாம் பக்கம் அடியில். கஞ்சா வழக்கு கைவிடப்பட்டது என்று மட்டும் இருந்தது. அதற்கு மேல் எழுத முடியாது. ஒப்புக்கொண்டவரை நிரபராதி என்று எந்தப் பத்திரிகையும் போடாது. அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு நானும் ராம்நரேஷும் காண்ட்ராக்டரைப் பார்க்கப் போனோம். கீதா எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டார். வேலை கிடைத்தால் வாடகை அறையில் இருக்கலாம், இல்லையென்றால் அன்று மதியமே ரயிலுக்குக் கிளம்புவது என்று முடிவு செய்து பைகளோடு வந்திருந்தார்கள்.

காண்ட்ராக்டர் மரியாதையான ஆள். எங்களை உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். மூன்று வரியையும் இரண்டு முறை படித்தார். சட்டம் எங்கே எப்படி மாறுகிறது என்று நான் சொன்னதையும் கடைசிவரை கேட்டார். பிறகு பேப்பரை மடித்து என்னிடமே கொடுத்தார்.

"இலையா பூவாங்கறதெல்லாம் கோர்ட்டுக்குங்க சார். எங்க கேட்ல ஒரே கேள்விதான்: ஜெயிலுக்குப் போனானா, இல்லையா?"

இத்தனை வருடத் தொழிலில் நான் எழுதியதை வரிக்கு வரி நம்பி, உடனே நடவடிக்கையும் எடுத்த வாசகர் என்று சொன்னால் அந்தக் காண்ட்ராக்டர் ஒருவர்தான்.