பேட்டரிக்குப் பொட்டு வைத்த கதை

போன வாரம் ஆயுத பூஜை. உங்கள் வீட்டிலும் சைக்கிள், தையல் மெஷின், அரிவாள்மனை என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருப்பீர்கள். நல்லதுதான். ஆனால் பேட்டரிக்கு வைக்கும்போது மட்டும் கொஞ்சம் யோசித்து வையுங்கள்... ஏனென்று சொல்கிறேன்.

அல்சூர் ஏரிப் பக்கம் என் சார்ஜிங் ஷெட். அங்கே வருகிறவர்களில் ஞானமணி சார் ஒருத்தர். லிங்கராஜபுரத்துக்காரர், ஸ்டோர் கீப்பராக இருந்து ரிடையர் ஆனவர். யுத்தம் முடிந்து மிலிட்டரிக்காரர்கள் ஏலத்தில் விட்ட ஆம்புலன்ஸ் ஒன்றை வாங்கி வீடாகவே மாற்றி வைத்திருக்கிறார். உள்ளே இரண்டு கட்டில், ஒரு ஸ்டவ், இரண்டு பல்பு, ஒரு குட்டி ஃபேன். எல்லாம் அவர் மனைவி ரோஸம்மாவுக்காக. ரயில் கரிப்புகை பட்டால் அந்த அம்மாவுக்கு மூச்சு இழுப்பு வந்துவிடும். வந்தால் முகத்தில் காற்று பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த வண்டியில் மூன்று பேட்டரி. ஒன்று எஞ்சினுக்கு, இரண்டு வீட்டுக்கு. டிரைவர் சீட் பக்கம் ஒரு கைப்பிடி. அதை மேலே தள்ளினால் டைனமோ எஞ்சின் பேட்டரிக்கு ஏற்றும், கீழே தள்ளினால் வீட்டு பேட்டரிக்கு. நடுவில் விட்டால்? இரண்டும் சேர்ந்துகொள்ளும். ஃபேன் வீட்டு பேட்டரியைக் குடித்துவிட்டு எஞ்சின் பேட்டரியையும் குடித்துவிடும். சார் மறந்துபோய் நடுவில் விட்டுவிட்டார். புதன்கிழமை வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் ஷெட்டுக்கு வந்தார்கள்.

திங்கட்கிழமை திருச்சியில் அவர்களுடைய ஒரே பையனுக்குக் கல்யாணம். சனிக்கிழமை மூன்று மணிக்குக் கிளம்பி, சேலத்தில் வண்டியிலேயே படுத்து, மறுநாள் போய்ச் சேருவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை பாதி ஏற்றினேன். அன்று சாயங்காலம் பூஜைக்காக ஷெட்டில் இருந்த எல்லா பேட்டரியையும் கழுவிச் சுரண்டினேன். ஒயர் மாட்டுகிற இரண்டு கொம்பில் பிளஸ் கொம்புக்கு நான் எப்போதும் சிவப்பு பெயிண்ட் அடித்து வைப்பேன். அதுவும் உரிந்து வந்துவிட்டது. பூஜை முடிந்து அடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

நான் பள்ளிக்கூடம் பக்கம் போனவன் இல்லை. இந்தப் பத்தியே நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுவது. யுத்த காலத்தில் மிலிட்டரி சார்ஜிங் ரூமில் கூலியாகச் சேர்ந்தபோது ஒரு ஹவில்தார்தான் எனக்கு பிளஸ், மைனஸ் இரண்டையும் தரையில் சுண்ணாம்பால் போட்டுக் காட்டினார். உருளைக்கிழங்கை வெட்டி இரண்டு ஒயரைக் குத்தினால் பிளஸ் பக்கம் பச்சையாகும் என்றும் சொல்லிக் கொடுத்தார். அந்தக் கிழங்கை வேகவைத்துத் தின்னப் பார்த்து உதை வாங்கியவன் நான்... சரி, அது வேறு கதை.

வெள்ளிக்கிழமை பூஜை. சனிக்கிழமை விடிந்ததும் மூன்று பேட்டரியையும் வரிசையாகக் கோத்தேன். சிவப்பு இருக்கிற கொம்பு பிளஸ், இல்லாதது மைனஸ். சுவிட்சைப் போட்டேன். வழக்கமாக ஐந்தில் நிற்கிற மீட்டர் முள் எட்டைத் தாண்டிப் போய் நின்றது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பூஜை பலன்! கன்னத்தில் போட்டுக்கொண்டு காபி குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்து மூடியைத் திறந்து பார்த்தால் இரண்டு பேட்டரி நுரைக்கிறது. மூன்றாவது கம்மென்று கிடக்கிறது. கொம்பைத் தடவிப் பார்த்தேன். பிளஸ் கொம்பு தடியாக இருக்கும். சிவப்பு இருந்ததோ ஒல்லிக் கொம்பில். விரலில் ஒட்டியது பெயிண்ட் இல்லை... குங்குமம். பெயிண்ட் உரிந்து போனதையே மறந்திருக்கிறேன். ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன்.

என் மனைவி காமாட்சியைக் கூப்பிட்டு, "எந்தப் பக்கம்னு பாத்தா வச்சே?" என்றேன்.

"என் பக்கம் எது இருந்துச்சோ அதுக்கு வச்சேன். சாமிக்கு எந்தப் பக்கமா இருந்தா என்ன?"

"அவங்க சர்ச்சுக்குப் போறவங்கடி."

"பேட்டரி நம்ம ஷெட்டுலதானே இருந்துச்சு? மத்ததுக்கெல்லாம் வச்சுட்டு அதுக்கு மட்டும் வைக்கலேன்னா நல்லாவா இருக்கும்?"

ஒயரை மாற்றிப் போட்டேன். முள் ஐந்துக்கு இறங்கியது. ஆனால் அரை மணி நேரம் அந்த பேட்டரிக்குள் கரண்ட் தலைகீழாகப் போயிருக்கிறதே! அது வீட்டு பேட்டரி வேறு. ராத்திரி சேலத்தில் ஃபேன் நின்றால் அந்த அம்மா என்ன ஆவார்?

பத்து மணிக்கு இரண்டு பேரும் பெட்டி படுக்கையோடு ஜட்காவில் வந்து இறங்கினார்கள். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனாலும் சொல்லிவிட்டேன். மூன்று மணிக்குள் சரியாக ஏறவில்லையென்றால் இதை நம்பிப் போக வேண்டாம் என்றும் சொன்னேன்.

ரோஸம்மாதான் பேசினார்.

"ஏறலேன்னா பரவால்ல மேஸ்திரி, நான் ரயில்ல போறேன். இழுத்துக்கிட்டே போய்ச் சேர்றேன். என் புள்ள கல்யாணம்."

காமாட்சி அந்த அம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்து மோர் கொடுத்தாள். பொட்டு வைத்ததே தான்தான் என்று அவளாகவே ஒப்புக்கொண்டாள். ரோஸம்மா சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

நான் மணிக்கொரு தடவை கண்ணாடிக் குழாயில் ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தேன். உள்ளே மிதவை எவ்வளவு மேலே நிற்கிறதோ அவ்வளவு சார்ஜ். பன்னிரண்டு மணிக்கு அடியில் கிடந்தது. ஒன்றரைக்குக் கொஞ்சம் அசைந்தது. பிறகு அந்த மூன்றாவது பேட்டரியிலும் சின்னதாக ஒரு நுரை... என் பேரன் பிறந்து முதல் முதலாக அழுதபோதுகூட நான் அவ்வளவு கவனமாகக் காது கொடுத்தது இல்லை. மூன்று மணிக்கு மிதவை, முழு சார்ஜ் என்று காட்டும் பச்சைக் கோட்டைத் தொட்டது. அப்பாடா!

இனி யாரும் ஏமாறக் கூடாதென்று மூன்றிலும் தடிக் கொம்பு பக்கத்தில் சிவப்பு பெயிண்டில் பிளஸ் குறி போட்டேன். வண்டி முதல் இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. ஃபேனைப் போட்டு, ரோஸம்மாவின் முந்தானை பறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அனுப்பினேன்.

நேற்று திருச்சியிலிருந்து கார்டு வந்தது. மருமகள் படித்துக் காட்டினாள். கல்யாணம் நல்லபடியாக முடிந்ததாம். சேலத்தில் விடிய விடிய ஃபேன் ஓடியதாம். கடைசி வரி ரோஸம்மாவுடையது: 'காமாட்சி அம்மா பொட்டு வைத்தார்கள், நீங்கள் பக்கத்திலேயே சிலுவையும் போட்டு அனுப்பினீர்கள், இரண்டும் சேர்ந்து எங்களைக் காப்பாற்றியது.'

அது பிளஸ் குறி என்று பதில் போடட்டுமா என்று மருமகள் கேட்கிறாள். எதற்கு? வண்டிதான் போய்ச் சேர்ந்துவிட்டதே!